செஞ்சிக் கோட்டையும் முறைக்காய்ச்சலும்: படைக்குறிப்புகளை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

கருநாடகப் பகுதியிலேயே உடல்நலத்திற்கு மிகவும் ஒவ்வாத இடம் என்று 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் படைவரலாறு செஞ்சியைக் குறிப்பிடுகிறது. கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமிருந்த பத்தாண்டுகளில் 1,200 ஐரோப்பியர் இழக்கப்பட்டனர் என்றும், 1761ஆம் ஆண்டு முற்றுகையில் ஆங்கிலேயர் தரப்புச் சிப்பாய்கள் 300 பேர் மாண்டனர் என்றும் அது கூறுகிறது. இவ்விழப்புகளுக்குக் ‘காற்றின் கேடு’ காரணமாகக் காட்டப்பட்டது. இக்கட்டுரை அக்கூற்றின் எண்களையும் காரணவிளக்கத்தையும் தனித்தனியே ஆராய்கிறது. உயிரைக் கொண்டுசென்ற காய்ச்சலும், உயிரோடு இருந்தவர்களிடம் மீண்டும் மீண்டும் வந்த மென்காய்ச்சலும் வெவ்வேறானவை என்பதையும், படைக்குறிப்புகள் முன்னதை மட்டுமே எண்ணிவைத்தன என்பதையும் நிறுவ முயல்கிறது. பின்னதை அறிவதற்குத் தமிழ் மருத்துவச் சொல்வளம் எவ்வாறு துணைநிற்கிறது என்பதும் ஆராயப்படுகிறது.

கலைச்சொற்கள்: செஞ்சி, முறைக்காய்ச்சல், உட்காய்ச்சல், காய்ச்சற்கட்டி, படைவரலாறு, மருத்துவ வரலாறு.

முன்னுரை

செஞ்சிக் கோட்டை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அதன் அரசியல் வரலாற்றையும் கட்டடக்கலையையும் மையமாகக் கொண்டவை. நாயக்கர், பீசப்பூர்ச் சுல்தான்கள், மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பல கைகள் மாறிய கோட்டை இது. சி.எஸ். சீனிவாசாச்சாரியார் 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாறு இன்றும் இத்துறையின் அடிப்படை நூலாக உள்ளது. 2025 சூலையில் ‘இந்தியாவின் மராத்தியப் படைநிலக்காட்சிகள்’ என்னும் தொகுதியின் ஓர் உறுப்பாகச் செஞ்சி உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றபின், கோட்டையின் அரண்சிறப்பு மேலும் கவனம் பெற்றுள்ளது.

ஆனால் அரண் எவ்வளவு வலியதாயினும் அதனுள் மனிதர் வாழ வேண்டும். அங்கு நீர் அருந்தி, உறங்கி, காவல் நின்றவர்களின் உடல்நிலை எவ்வாறிருந்தது என்னும் வினா இவ்வரலாறுகளில் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுகிறது. அவ்வரிகளும் ஏறத்தாழ ஒரே மூலத்திலிருந்து பெறப்பட்டவை. அம்மூலத்தைச் சற்று நின்று வாசிக்கும்போது, மீண்டும் மீண்டும் வந்த, காரணம் புலப்படாத ஒரு காய்ச்சலோடு மனிதர் எவ்வாறு வாழ்ந்தனர் என்னும் பெரிய வினா எழுகிறது.

1. மூலமும் அதன் கூற்றும்

1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுப் படை இரவுத் தாக்குதலில் செஞ்சியைக் கைப்பற்றியது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுப் பெற்ற கோட்டை, ஓரிரவில் விழுந்தது ஐரோப்பியப் படைவலிமையின் சான்றாக அன்று பேசப்பட்டது. அதன்பின் பத்தாண்டுகள் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது. 1761 சனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. அடுத்து ஸ்டீபன் ஸ்மித் என்னும் ஆங்கிலேயத் தளபதி செஞ்சியை முற்றுகையிட்டார். கோட்டைத் தலைவர் மெக்கிரகர், ஒரு நூறாயிரம் பேர் வந்தாலும் மூன்றாண்டுகளில் இம்மலைகளைப் பிடிக்க இயலாது என்று மறுமொழி அனுப்பினார். ஆயினும் ஏப்ரல் 5ஆம் நாள் அவர் நிபந்தனைகளுடன் சரணடைந்தார்.

இந்நிகழ்ச்சியைப் பதிவுசெய்தவர் ராபர்ட் ஓர்ம். அவருடைய படைவரலாற்றின் முதல் தொகுதி 1763இலும் அடுத்த தொகுதி 1778இலும் வெளிவந்தன. மெக்கிரகரின் நிபந்தனைகளை ஆங்கிலேயர் தயக்கமின்றி ஏற்றமைக்கு அவர் கூறும் காரணம் கருதத்தக்கது. நகரத்திலும், ஐரோப்பியர் செயிண்ட் ஜார்ஜ் மலை என்றழைத்த குன்றிலும் 300 சிப்பாய்கள் அதற்குள் இறந்திருந்தனர். செஞ்சியின் காற்று கருநாடகத்திலேயே மிகவும் நலங்கெட்டது. அண்மைக்காலம் வரை 100 ஐரோப்பியருக்குமேல் அங்கு வைத்திராத பிரெஞ்சுக்காரர்கூடப் பத்தாண்டுகளில் 1,200 பேரை இழந்தனர் என்பது அவர் தரும் செய்தியின் சாரம். பின்வந்த நூல்கள் இச்செய்தியைப் பெரிதும் மாற்றமின்றி எடுத்தாண்டன.

இங்கு இரண்டு செய்திகள் கவனத்திற்குரியவை. முதலாவது, ஓர்ம் 1758இலேயே சென்னையை விட்டுப் புறப்பட்டுவிட்டார். 1761இல் அவர் இங்கிலாந்தில் இருந்தார். எனவே இது கண்டவர் கூற்றன்று. படையினரின் குறிப்புகளிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் தொகுத்துப் பெற்ற கூற்று. இரண்டாவது, இப்பகுதியில் அவர் நோயின் பெயரைச் சொல்லவில்லை, காற்றையே சொல்கிறார். காற்றின் கேடு என்பது அக்கால ஐரோப்பிய மருத்துவத்தில் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் ஒருசேர உணர்த்திய தொடர். ஆகவே ‘செஞ்சிக் காய்ச்சல்’ என்று பின்னர் பேசப்பட்டது, மூலத்தில் உள்ள சொல்லின் மேல் கட்டப்பட்ட ஊகமாகும். அந்த ஊகம் பொருந்துமா என்பதைச் சான்றுகளால் சோதிக்க வேண்டும்.

2. எண்கள் சொல்வது

பத்தாண்டுகளில் 1,200 பேர் என்றால் ஆண்டுக்குச் சராசரி 120 பேர். காவற்படை 100 பேருக்கு மிகாதது என்பதும் அதே வாக்கியத்தில் உள்ளது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வோர் ஆண்டும் காவற்படை முழுவதும் அழிந்து, அதற்கு மேலும் இருபது பேர் இறந்திருக்க வேண்டும். ஆண்டு இறப்பு நூற்றுக்கு முப்பது என்ற மிகக் கடுமையான அளவை வைத்துக்கொண்டாலும், 120 இறப்புகளுக்குச் சராசரியாக 400 பேர் கொண்ட காவற்படை தேவைப்படும்.

இம்முரணுக்கு மூன்று விளக்கங்கள் இயலும். ‘அண்மைக்காலம் வரை’ என்னும் அடையை நோக்கினால், போரின் இறுதியாண்டுகளில் காவற்படை பெருகியிருந்தது என்பது முதல் விளக்கம். ‘இழப்பு’ என்னும் சொல் இறந்தவரோடு, நோயுற்றுத் திருப்பியனுப்பப்பட்டவரையும் படையை விட்டு ஓடியவரையும் உள்ளடக்கியிருக்கலாம் என்பது இரண்டாவது. எதிர்த்தரப்பினரின் வாய்வழியாக வந்த முழு எண் இது என்பது மூன்றாவது. மூன்றும் ஒருங்கே பொருந்துவதும் கூடும். எவ்வாறாயினும் 1,200 என்பதை இறப்புக் கணக்காக அப்படியே எடுத்தாள்வது முறையாகாது. அதே வேளையில், அதனை வெறும் மிகைக்கூற்றென்று தள்ளுவதும் பொருந்தாது. செஞ்சிக்கு அனுப்பப்படும் ஆட்கள் நிலைப்பதில்லை, மீண்டும் மீண்டும் புதியவர்களை அனுப்ப வேண்டியுள்ளது என்னும் நிருவாக அனுபவம் அவ்வெண்ணுக்குள் பதிந்திருக்கிறது.

வலிமைமிக்க கோட்டையில் 100 ஐரோப்பியரை மட்டும் வைத்தமைக்குப் படைப்பற்றாக்குறை ஒரு காரணமாகலாம். ஆனால் அதுவே நோயோடு இணங்கிப்போகும் ஓர் உத்தியாகவும் அமைந்தது. அயலாரை இயன்றவரை குறைத்து, உள்நாட்டுப் படையினரைக் கொண்டு கோட்டையைக் காப்பது என்னும் வழக்கத்தை இங்குக் காண்கிறோம்.

ஆங்கிலேயர் தரப்பில் இறந்த 300 பேரும் சிப்பாய்கள் என்பது ஓர்ம் தரும் காரணவிளக்கத்தை மேலும் சிக்கலாக்குகிறது. வெப்பநாட்டுக் காற்று ஐரோப்பிய உடலுக்கு ஒவ்வாது என்பது அக்கால நம்பிக்கை. ஜேம்ஸ் லிண்ட் 1768இல் வெப்பநாடுகளில் ஐரோப்பியருக்கு வரும் நோய்கள் குறித்துத் தனி நூலே எழுதினார். செஞ்சியிலோ இந்தியச் சிப்பாய்களும் மாண்டனர். ஆகவே பிறந்த நாட்டைவிட, அவ்விடத்தில் வளர்ந்து பழகியவரா அன்றிப் புதிதாக வந்தவரா என்பதே வேறுபாட்டிற்கு அடிப்படையாக இருந்திருக்க வேண்டும்.

3. நிலமும் நீரும்

இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் இணைத்து முக்கோணமாக மதில்கள் ஓடுகின்றன. மதிலை ஒட்டி அகழி உண்டு. இராசகிரியின் அடிவாரத்தில் செட்டிகுளமும் சக்கரகுளமும் உள்ளன. கோட்டைக்குள் ஆனைக்குளம் இருக்கிறது. கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய்கள் வழியே நீர் கொண்டுவரப்பட்டது. பாறைச் சுனைகளும் கிணறுகளும் இவற்றோடு சேரும். கோட்டைக்கு வெளியே சங்கராபரணி ஆறு வடகிழக்குப் பருவமழைக்குப்பின் ஓடிக் கோடையில் குட்டைகளாகச் சுருங்கும் இயல்பினது.

முற்றுகைக்காலத்தில் பல்லாயிரவர் உயிர்வாழ வழிசெய்தது இந்நீர்வளமே. எட்டாண்டு முகலாய முற்றுகையைச் செஞ்சி தாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் தேங்கிய நீர் கொசுவின் பிறப்பிடமும் ஆகும். இந்தியாவில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிசு கொசுக்களில் ஒரு வகை வற்றும் ஆற்றுக் குட்டைகளிலும் வயல்வாய்க்கால்களிலும் முட்டையிடுகிறது. மற்றொரு வகை கிணறுகளையும் நீர்த்தொட்டிகளையும் நாடுகிறது. இன்னொன்று மலையடிவாரத்துச் சிற்றோடைகளில் பெருகுகிறது. மூவகை நீர்நிலைகளும் செஞ்சியில் ஒரே சுற்றுக்குள் அமைந்திருந்தன. அரணைக் காத்த நீரே அரணுள் இருந்தோரை நலிவித்திருக்கலாம் என்னும் கருத்துக்கு இந்நிலஅமைப்பு இடந்தருகிறது.

முகலாய முற்றுகையின்போதும் மழைக்காலம் படையை வாட்டியது. தளபதி தளபத்ராவ் புந்தேலாவிடம் பணிபுரிந்து முற்றுகையில் உடனிருந்த பீம்சேன், பாரசீக மொழியில் எழுதிய தம் நினைவுக்குறிப்பில், 1692ஆம் ஆண்டின் பெருமழையையும் தவசப் பஞ்சத்தையும் படையினர் பதுங்குகுழிகளிலேயே இரவும் பகலும் கிடந்ததையும், நிலம் முழுதும் ஏரிபோலக் காட்சியளித்ததையும் பதிவுசெய்துள்ளார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் சுல்பிகர்கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினார். மராத்தியத் தளபதிகள் சாந்தாசி, தானாசி ஆகியோரின் தாக்குதலே பின்வாங்கலுக்கு முதற்காரணம். எனினும் நனைந்து பசித்திருந்த படையின் நிலையும் அதில் பங்குகொண்டது.

4. நோயறிதலின் எல்லை

மேற்கண்ட சான்றுகளைக் கொண்டு ‘செஞ்சியின் நோய் மலேரியா’ என்று உடனே முடிவுகட்டுவது எளிது. அம்முடிவிற்கு ஒரு தடை உண்டு. புதுச்சேரியின் வீழ்ச்சிக்கும் செஞ்சியின் சரணடைவுக்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ எண்பது நாட்கள். தை முதல் பங்குனி வரையிலான வறண்ட பருவம். மழை ஓய்ந்து நீர்நிலைகள் சுருங்கும் இக்காலத்தில் ஆற்றுக் குட்டைகளிலும் கிணறுகளிலும் கொசு பெருகக்கூடும். ஆனால் நெருக்கமாகத் தங்கிய படையினர் குறைந்த நீரை அசுத்தப்படுத்தி அருந்தினால் சீதபேதியும் குடற்காய்ச்சலும் பரவுவதற்கும் இதுவே ஏற்ற பருவம். 300 சிப்பாய்களின் இறப்பில் இவற்றுக்கும் பங்கு இருந்திருக்க வாய்ப்பு மிகுதி.

மலேரியாவையே எடுத்துக்கொண்டாலும் அது ஒரே நோயன்று. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பால்சிபாரம் என்னும் ஒட்டுண்ணி. வைவாக்சு என்னும் ஒட்டுண்ணி உயிரை வாங்குவது அரிது. ஆனால் அது எளிதில் உடலை விட்டு நீங்குவதில்லை. கல்லீரலில் உறங்குநிலையில் தங்கி, வாரங்களோ மாதங்களோ கழிந்தபின் கொசுக்கடி இல்லாமலேயே மீண்டும் எழுகிறது. 1880இல் லாவரான் ஒட்டுண்ணியைக் கண்டறிந்தார். 1897 ஆகத்தில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராசு கொசுவின் உடலில் அதனைக் கண்டார். 1948இல் ஷார்ட், கார்ன்ஹாம் ஆகியோர் ஒட்டுண்ணியின் கல்லீரல் நிலையை விளக்கினர். உறங்குநிலை உறுதிப்பட்டது 1980களில்தான். செஞ்சியிலிருந்து வெளியேறியவரிடம் ஊரைக் கடந்தும் காய்ச்சல் தொடர்ந்திருக்குமாயின், அதனை விளக்கும் அறிவு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னரே கிட்டியது.

இதிலிருந்து ஒரு முறையியல் முடிவு பெறப்படுகிறது. கொல்லும் காய்ச்சலும் திரும்பிவரும் காய்ச்சலும் ஒரே நிலத்தில் உடனிருக்கலாம். ஆயினும் அவை விட்டுச்செல்லும் சான்றுகள் வேறு. கொல்லும் காய்ச்சல் படைக்கணக்கில் எண்ணாகிறது. திரும்பிவரும் காய்ச்சல், ஆள் உயிரோடு இருப்பதால், எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஓர்ம் தரும் எண்கள் முன்னதன் வரலாறு மட்டுமே.

5. தமிழ்ச் சொல்வளம் காட்டும் சான்று

எண்ணில் ஏறாததைச் சொல்லில் தேடலாம். காய்ச்சலின் ‘வரவு’ குறித்துத் தமிழில் உள்ள சொற்கள் நுட்பமானவை. விட்டுவிட்டு வருவது முறைக்காய்ச்சல். நடுக்கத்தோடு வருவது குளிர்காய்ச்சல். தொட்டால் சுடாமல் உள்ளே கனன்றுகொண்டிருப்பது உட்காய்ச்சல். யூகி முனிவர் பெயரில் வழங்கும் வைத்திய சிந்தாமணியை அடியொற்றிச் சித்த மருத்துவ மரபு சுரத்தை 64 வகையாகப் பகுக்கிறது. வளி, அழல், ஐயம் என்னும் மூன்றின் நிலைமாற்றத்தால் விளக்கப்பட்டாலும், இப்பகுப்பு நோயாளியின் உடலை நெடுங்காலம் உற்றுநோக்கியதன் விளைவு என்பதில் ஐயமில்லை. காய்ச்சல் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எப்பொழுது ஏறி எப்பொழுது இறங்குகிறது என்பன நோயின் பெயருக்கே அடிப்படையாயின.

‘காய்ச்சற்கட்டி’ என்னும் சொல் இவற்றுள் தனிக் கவனத்திற்குரியது. நீண்டகாலக் காய்ச்சலால் மண்ணீரல் வீங்கி, இடப்பக்க விலாவின்கீழ்க் கைக்குத் தட்டுப்படுவதை இது குறிக்கும். 1840களில் யமுனைக் கால்வாய்ப் பகுதிகளின் நலக்கேட்டை ஆராய்ந்த டெம்ப்ஸ்டர் என்னும் மருத்துவர், ஊர்மக்களின் மண்ணீரலைத் தொட்டுப் பார்த்து அவ்வூரில் காய்ச்சலின் அளவைக் கணிக்கும் முறையைக் கையாண்டார். மலேரியா ஆய்வில் அது நெடுங்காலம் வழக்கிலிருந்த அளவுகோலாயிற்று. அவர் அளவுகோலாக்கிய உடற்குறியைத் தமிழ் வழக்கு ஒரு சொல்லில் அறிந்துவைத்திருந்தது. காய்ச்சலும் கட்டியும் ஒன்றையொன்று தொடர்வன என்ற காரணகாரியத் தொடர்பும் அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.

காய்ச்சலை நிலத்தோடும் பருவத்தோடும் இணைக்கும் பார்வையும் தமிழில் பழையது. கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில் திருஞானசம்பந்தர் தங்கியிருந்தபோது பனிக்காலம் தொடங்கியதையும், அடியார்களைக் குளிர்சுரம் பற்றியதையும், அவர் திருநீலகண்டப் பதிகம் பாட அது நீங்கியதையும் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விவரிக்கிறார். மலையடிவாரத்து ஊர், குறிப்பிட்ட பருவம், வெளியிலிருந்து வந்து தங்கிய அடியார் கூட்டம் ஆகிய மூன்றும் இந்நிகழ்ச்சியில் ஒருங்கே அமைகின்றன. செஞ்சி முற்றுகையின் சூழலும் இதுவே. காஞ்சிபுரத்தில் சுரகரேசுவரர் கோயில் உள்ளது. மூன்று தலையும் மூன்று காலும் கொண்ட சுரதேவர் பல சிவன்கோயில்களில் வழிபடப்படுகிறார். நோய்க்கெனத் தனித் தெய்வம் அமைவது, அந்நோய் ஒருமுறை வந்து ஒழிவதன்று, வாழ்நாளெல்லாம் எதிர்கொள்ள வேண்டியது என்னும் அனுபவத்தின் வெளிப்பாடாகும்.

6. காய்ச்சலோடு வாழ்தல்

மலேரியா நிலைகொண்ட ஊர்களில் பிறந்து வளர்ந்தோர் குழந்தைப்பருவத்திலேயே பலமுறை நோயுற்று, பிழைத்தவர்கள் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெறுகின்றனர். வளர்ந்தபின் அவர்களுக்கு வரும் காய்ச்சல் கடுமையாக இருப்பதில்லை. சோர்வு, உடல்வலி, மாலையில் ஏறும் இளஞ்சூடு, வெளிறிய முகம் என அது மென்மையாக வெளிப்படும். படுத்த படுக்கையாக்கும் அளவுக்குக் கொடிதன்று. உழைக்க விடும் அளவுக்கு எளிதுமன்று. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் வரும் இந்நிலை, தை அறுவடையின் உழைப்பு உச்சத்தோடு மோதக்கூடியது.

இதனை எதிர்கொள்ள மக்கள் கைக்கொண்டவை எளியவை: நிலவேம்புக் குடிநீர், மிளகும் சுக்கும் சேர்ந்த கசாயம், கஞ்சி, இலங்கணம், பத்தியம், ஓய்வு. நிலவேம்பின் கடுங்கசப்பு நோயின் பெயரோடே நினைவில் ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் ‘கொய்னா’ எனத் தமிழில் வழங்கிய சிங்கோனா மருந்தும் கசப்பாகவே இருந்தமையால் அம்மரபோடு இயல்பாகப் பொருந்தியது. 1820இல் பிரான்சில் கொய்னாவின் மருந்துச்சத்து பிரித்தெடுக்கப்பட்டது. 1860களில் நீலகிரியில் சிங்கோனா பயிரிடப்பட்டது. ஆனால் கொய்னா குருதியிலுள்ள ஒட்டுண்ணியையே தாக்கும். கல்லீரலில் உறங்குவதை எட்டாது. மருந்துண்டு தேறியவர் மீண்டும் காய்ச்சலில் விழுந்தபோது பத்தியக் குறைவையோ காற்றையோ வினையையோ காரணமாகக் கருதியது, அவர்கள் கண்ட அனுபவத்திற்குப் பொருத்தமான விளக்கமே ஆகும்.

ஆங்கிலேய நிருவாகமும் நெடுங்காலம் இதனினும் மேலான விளக்கத்தைப் பெறவில்லை. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிப் பகுதிகளில் பரவிய கொள்ளைக்காய்ச்சலின் காரணத்தை அறியச் சென்னை அரசு மருத்துவர் குழுவொன்றை அமைத்தது. வில்லியம் ஐன்சிலி அதன் உறுப்பினருள் ஒருவர். தமிழ்நாட்டு மருந்துச்சரக்குகளை ஆராய்ந்து 1813இல் நூல் வெளியிட்டவர். 1816இல் அச்சான குழுவறிக்கை நிலஅமைப்பு, மழை, வேளாண்மை ஆகியவற்றையெல்லாம் விரித்துரைத்தது. காய்ச்சலுக்கும் நீர்தேங்கிய நிலத்திற்கும் உள்ள உறவை அது சரியாகவே உணர்ந்தது. இடையில் நின்ற கொசுவை மட்டும் காணவில்லை. ‘மலேரியா’ என்னும் சொல்லே இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ எனப் பொருள்படுவது. ஓர்ம் செஞ்சியின்மேல் சுமத்திய குற்றச்சாட்டு, இன்றும் நோயின் பெயரில் உறைந்துகிடக்கிறது.

7. மென்காய்ச்சலும் அளவுகோலும்

‘மென்காய்ச்சல்’ என்று இன்று வழங்கும் வகைப்பாடு வெப்பமானியால் பிறந்தது. 1860களில் ஆல்பட் கையடக்க வெப்பமானியை உருவாக்கினார். 1868இல் வுண்டர்லிக் உடல்வெப்பம் குறித்த பெருநூலை வெளியிட்டார். அதன்பின்னரே ஏறத்தாழ 37.3 முதல் 38 பாகை வரையிலான சூடு தனியொரு நிலையாகப் பிரித்தறியப்பட்டது. 18ஆம் நூற்றாண்டுச் செஞ்சியில் படைமருத்துவரும் நாட்டு வைத்தியரும் கைதொட்டும் நாடிபிடித்துமே காய்ச்சலை அறிந்தனர். கைக்குத் தெரியாத சூடு, படைக்கணக்கில் சோம்பலாகவோ கடமை தவறலாகவோ எழுதப்பட்டிருக்கக்கூடும். ‘உட்காய்ச்சல்’ என்னும் தமிழ்ச்சொல்லின் பெறுமதி இங்குத்தான் புலப்படுகிறது. பிறர் கைக்குத் தெரியாவிடினும் நோயாளி உணர்வது நோயே என்பதை அச்சொல் ஏற்றுக்கொண்டது.

அளவுகோல் வந்தபின்னும் இச்சிக்கல் தீரவில்லை. பீட்டர்ஸ்டார்ப், பீசன் ஆகியோர் 1961இல் காரணம் அறியாக் காய்ச்சலுக்கு வரையறை வகுத்தனர். மூன்று வாரங்களுக்குமேல் நீடித்து, பலமுறை 38.3 பாகையைக் கடந்து, ஒருவாரம் மருத்துவமனையில் ஆராய்ந்தும் காரணம் புலப்படாதது என்பது அவ்வரையறை. செஞ்சி சரணடைந்து சரியாக 200 ஆண்டுகளுக்குப்பின் வந்த இவ்வரையறையிலும், அவ்வெல்லையை எட்டாத மென்காய்ச்சல் வெளியே நின்றது. காசநோய், மலேரியா, புரூசெல்லா தொற்று, மூட்டு அழற்சி நோய்கள், சிலவகைப் புற்றுநோய்கள் எனப் பல காரணங்கள் தேடப்படும். எதுவும் கிட்டாதபோது நோயாளி தம் உடலைத் தாமே கண்காணித்து வாழவேண்டியவராகிறார். படைக்கணக்கு எண்ணாமல் விட்டவரும், வரையறை ஏற்காமல் விட்டவரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர்.

முடிவுரை

1780இல் ஐதர் அலியின் படை செஞ்சியை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றியது. அதன்பின் அக்கோட்டையில் குறிப்பிடத்தக்க போர் நிகழவில்லை, படிப்படியாக ஆளொழிந்தது. 1714இல் மாண்ட தேசிங்குராசனின் வீரச்சாவை நாட்டார் கதைப்பாடல் காத்துவைத்தது. காய்ச்சலில் மாண்ட சிப்பாய்களுக்கு ஓர் எண் மட்டும் எஞ்சியது. காய்ச்சலோடு வாழ்ந்தவர்களுக்கு அவ்வெண்ணும் இல்லை.

இக்கட்டுரையால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. செஞ்சியில் 1,200 ஐரோப்பியர் இழக்கப்பட்டனர் என்னும் கூற்று, காவற்படை அளவு குறித்த அதே மூலத்தின் செய்தியோடு முரண்படுகிறது. அதனை இறப்பு எண்ணிக்கையாக எடுத்தாளாமல், தொடர்ந்து ஆள்மாற்ற வேண்டியிருந்த நிலையின் சான்றாகக் கொள்வதே பொருந்தும்.

2. 1761இல் இறந்தவர்கள் சிப்பாய்கள் என்பது, நோய்க்கு ஐரோப்பிய உடலின் ஒவ்வாமையே காரணம் என்னும் விளக்கத்தை மறுக்கிறது. வறண்ட பருவத்தில் நிகழ்ந்த அவ்விறப்புகளை மலேரியாவுக்கு மட்டும் உரியனவாகக் கொள்ளவும் இயலாது.

3. கோட்டைக்கு அரணாக அமைந்த நீர்நிலைகள் நோய்க்கும் இடமாயின. அரண்வரலாற்றையும் நோய்வரலாற்றையும் இணைத்தே செஞ்சியின் படைவரலாறு எழுதப்பட வேண்டும்.

4. மீண்டும் மீண்டும் வந்த மென்காய்ச்சலின் வரலாற்றைப் படைக்குறிப்புகளில் பெற இயலாது. முறைக்காய்ச்சல், உட்காய்ச்சல், காய்ச்சற்கட்டி முதலிய சொற்களும், மருத்துவச் சுவடிகளும், வழிபாட்டு மரபும் அதற்குரிய மூலங்களாகும்.

1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப்பிள்ளை எழுதிய நாட்குறிப்பு, செஞ்சி பிரெஞ்சுக்காரர் வசமிருந்த காலம் முழுவதையும் ஏறத்தாழ உள்ளடக்கியது. அரசியலுக்கும் வணிகத்துக்கும் மூலமாகப் பயின்ற அந்நாட்குறிப்பையும் வட்டார மருத்துவச் சுவடிகளையும், உடம்பு குறித்தும் காய்ச்சல் குறித்தும் வரும் சொற்களுக்காகத் தொடர்ந்து வாசித்துத் தொகுப்பது இத்துறையின் அடுத்த பணியாகும்.